வேகமும் அவகாசமும்: மாறும் காற்றோட்டத்தில் நீர்த்துளியின் உருமாற்றமும் உடைவும்

ஆய்வுச் சுருக்கம்

காற்றோட்டத்தில் அகப்பட்ட நீர்த்துளி எப்போது உடையும் என்ற வினாவுக்குப் பொதுவாகத் தரப்படும் விடை, வெபர் எண் ஏறத்தாழ 12-ஐக் கடக்கும்போது என்பதாகும். காற்று திடீரென வீசத் தொடங்கிப் பின் சீராக நீடிக்கும் சூழலில் பெறப்பட்ட மதிப்பு அது. இயற்கையிலும் பொறியியலிலும் துளிகள் சந்திக்கும் காற்றோ பெரும்பாலும் மாறிக்கொண்டே இருப்பது. அத்தகைய காற்றில், காற்றின் வேகத்தோடு அவ்வேகம் மாறும் கால அளவும் துளியின் உடைவைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அதிர்ச்சிக் குழாயில் சிக்கும் துளி, வானிலிருந்து விழும் மழைத்துளி, விமான இறக்கையை நெருங்கும் மீக்குளிர்ந்த துளி ஆகிய மூன்று சூழல்கள் ஒப்பிடப்படுகின்றன. விமானப் பாதுகாப்பில் இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நீர்த்துளி, பரப்பு இழுவிசை, வெபர் எண், உருமாற்றம், துளி உடைவு, மீக்குளிர்ந்த பெருந்துளி, விமானப் பனிப்படிவு.

1. முன்னுரை

1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோஸ்லான் என்னும் ஊருக்கு அருகே ஏ.டி.ஆர்.-72 வகை விமானம் ஒன்று வீழ்ந்து நொறுங்கியது. அதில் இருந்த 68 பேரும் இறந்தனர். சிகாகோவில் தரையிறங்குவதற்கு அனுமதி கிடைக்கும்வரை அவ்விமானம் வானில் வட்டமிட்டுக் காத்திருந்தது. அப்போது உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாதிருந்த பெரிய நீர்த்துளிகள் இறக்கையில் மோதின. இறக்கையின் முன்விளிம்பில் பனியை உடைத்து அகற்றுவதற்கென ரப்பர் உறைகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆயினும் அவ்வுறைகளின் எல்லைக்குப் பின்னால் பனி ஒரு வரம்புபோலத் திரண்டது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் கட்டுப்பாட்டுத் தட்டுகளின் மீதான காற்றின் விசை அதனால் தலைகீழாகியது. விமானிகள் மீட்பதற்கு முன் விமானம் உருண்டு கவிழ்ந்தது.

அதுவரை விமானங்களின் பனிப்படிவுச் சான்றிதழ் விதிகள் கருத்தில் கொண்ட துளிகள் மிகச் சிறியவை. அவற்றின் பருமன்சார் இடைநிலை விட்டம் 50 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டது. உறையும் தூறலிலோ நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகள் உண்டு. உறையும் மழையில் மில்லிமீட்டர் அளவுத் துளிகளும் உண்டு. சிறு துளியை ஒரு திண்மக் கோளமாகக் கருதிக் கணக்கிட்டால் பெரும்பிழை நேர்வதில்லை. பெருந்துளியை அவ்வாறு கருத இயலாது. இறக்கையை நெருங்கும்போது அது தட்டையாகலாம். உடைந்து சிதறவும் கூடும். உடைந்த துளியின் நுண்துகள்கள் காற்றோடு வளைந்து வேறிடம் செல்லும். எனவே பனி எங்கே படியும் என்பதை முன்கூட்டியே அறிய, துளி எப்போது உடையும் என்பதை அறிந்தாக வேண்டும்.

2. துளியைக் காக்கும் விசையும் குலைக்கும் விசையும்

நீரின் பரப்பு இழுவிசை துளியின் புறப்பரப்பைக் குறைக்க முயல்கிறது. கொடுக்கப்பட்ட பருமனுக்கு மிகக் குறைந்த பரப்புடைய வடிவம் கோளம். ஆகவே தனித்து விடப்பட்ட சிறுதுளி கோள வடிவம் கொள்கிறது. துளியைக் கடந்து காற்று பாயும்போது அதன் முகப்பில் காற்றழுத்தம் மிகுகிறது. காற்று விரைந்து வழுகும் விளிம்புகளில் அழுத்தம் குறைகிறது. முன்னிருந்து அமுக்கப்பட்டும் விளிம்பில் இழுக்கப்பட்டும் துளி காற்றின் திசைக்குக் குறுக்கே விரிகிறது. கோளம் அப்பம்போலத் தட்டையாகிறது.

குலைக்கும் விசைக்கும் காக்கும் விசைக்கும் உள்ள விகிதமே வெபர் எண். செருமானியப் பொறியாளர் மோரிட்ஸ் வெபரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. காற்றின் அடர்த்தியைத் துளிக்கும் காற்றுக்கும் இடையிலான சார்பு வேகத்தின் இருமடியாலும் துளியின் விட்டத்தாலும் பெருக்கிப் பரப்பு இழுவிசையால் வகுத்தால் இப்பரிமாணமற்ற எண் கிடைக்கும். வேகம் இரு மடங்கானால் வெபர் எண் நான்கு மடங்காகும்; விட்டம் இரு மடங்கானால் அதுவும் இரு மடங்காகும். அறை வெப்பநிலையில் 2 மி.மீ. விட்டமுள்ள நீர்த்துளிக்கு வெபர் எண் 12 ஆக வேண்டுமெனில் சார்பு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர் இருக்க வேண்டும். 50 மைக்ரோமீட்டர் துளிக்கு அதே மதிப்பை எட்ட நொடிக்கு 120 மீட்டர் தேவை. சிறுதுளிகள் எளிதில் உடையாமைக்குக் காரணம் இதுவே.

பாகுத்தன்மையும் உடைவை எதிர்க்கிறது. அதன் பங்கை ஓனசோர்க் எண் அளவிடுகிறது. 2 மி.மீ. நீர்த்துளிக்கு இவ்வெண் 0.003-க்கும் குறைவு. இது 0.1-ஐ நெருங்கும்வரை பாகுத்தன்மையின் விளைவு புறக்கணிக்கத்தக்கது என்பதால், நீரைப் பொறுத்தவரை வெபர் எண்ணே முதன்மையானது. தேன், கூழ்மக் கரைசல் போன்றவற்றுக்கு இக்கூற்று பொருந்தாது.

3. திடீர்க் காற்று: அதிர்ச்சிக் குழாய்ச் சோதனைகள்

துளி உடைவைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி அதிர்ச்சிக் குழாய்களிலிருந்து பெறப்பட்டது. நீண்ட குழாய் ஒன்றில் உயரழுத்த வாயுவை மெல்லிய சவ்வு ஒன்று தடுத்து நிற்கும். சவ்வு கிழிந்ததும் அதிர்ச்சி அலை ஒன்று பாய்ந்து துளியைக் கடக்கும். அதன் பின்னால் சீரான காற்றோட்டம் தொடரும். துளியின் நோக்கில் காற்று ஒரு கணத்தில் சுழியத்திலிருந்து முழு வேகத்தை அடைகிறது.

இத்தகைய சோதனைகளில் வெபர் எண் உயர உயர உடைவின் முறை மாறுவது காணப்பட்டது. ஏறத்தாழ 11-க்குக் கீழே துளி தட்டையாகி அதிர்வுறும், பெரும்பாலும் உடையாது. 11 முதல் 35 வரை தட்டையான துளியின் நடுப்பகுதி காற்றால் ஊதப்பட்டு மெல்லிய பையாகப் புடைக்கும். பை முதலில் வெடித்து நுண்திவலைகளாகும். அதன் தடித்த விளிம்பு வளையம் பின்னர்ப் பெருந்திவலைகளாக அறுபடும். இது பைவகை உடைவு எனப்படும். 35 முதல் 80 வரை பையின் நடுவே ஒரு தண்டு எஞ்சுவது உள்ளிட்ட கலப்பு வடிவங்கள் தோன்றும். 80 முதல் 350 வரை துளியின் விளிம்பிலிருந்து நீர் மென்படலமாக உரிக்கப்படும். அதற்கு மேல் துளி மிக விரைவாகச் சிதறும். இவ்வெல்லைகள் கூர்மையானவை அல்ல. ஒரு முறை அடுத்ததில் படிப்படியாகக் கலக்கிறது. உயர் வெபர் எண்களில் நிகழ்வது எது என்பதில் கருத்து வேறுபாடும் உண்டு. 2011-இல் தியோஃபனஸ் வெளியிட்ட மீளாய்வு, இவ்வகைகள் அனைத்தையும் காற்று துளியைத் துளைத்துச் செல்வது, காற்று துளியின் பரப்பை உரித்துச் செல்வது என்னும் இரு அடிப்படைச் செயல்முறைகளில் அடக்கியது.

இங்கு ஒரு செய்தி எளிதில் கவனத்திலிருந்து நழுவுகிறது. துளி உடைவதற்கு விசை மட்டும் போதாது, அவகாசமும் வேண்டும். நிக்கல்ஸ், ரேஞ்சர் ஆகியோர் 1969-இல் கையாண்ட சிறப்புக் கால அளவு இதற்கு உதவுகிறது. துளியின் விட்டத்தைச் சார்பு வேகத்தால் வகுத்து, நீருக்கும் காற்றுக்கும் உள்ள அடர்த்தி விகிதத்தின் இருமடி மூலத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். நொடிக்கு 30 மீட்டர் வேகக் காற்றில் 2 மி.மீ. துளிக்கு இது ஏறத்தாழ 1.9 மில்லிநொடி. துளி உடையத் தொடங்க இக்கால அளவைப்போல் ஒன்றரை முதல் இரு மடங்கும், உடைந்து முடிய ஏறத்தாழ ஐந்து மடங்கும் ஆகின்றன. அதிர்ச்சிக் குழாயில் காற்று இதைவிட நெடுநேரம் நீடிப்பதால் அவகாசம் ஒரு பொருட்டாவதில்லை. காற்று மாறும் சூழலில் அதுவே முதன்மை பெறுகிறது.

4. துளியின் கடிகாரம்

துளி ஒரு சுருள்வில்லைப்போல் நடந்துகொள்கிறது. அமுக்கி விட்டால் தட்டையாவதும் நீள்வதுமாக மாறிமாறி அதிர்கிறது. இவ்வதிர்வின் அதிர்வெண்ணை ரேலே பிரபு 1879-இல் கணித்தார். அவரது சூத்திரப்படி 2 மி.மீ. நீர்த்துளி நொடிக்கு ஏறத்தாழ 120 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 8 மில்லிநொடி ஆகிறது. 5 மி.மீ. துளிக்கு அது 33 மில்லிநொடி. 50 மைக்ரோமீட்டர் துளிக்கு மில்லிநொடியின் முப்பதில் ஒரு பங்கு மட்டுமே. துளி பெரிதாகும்தோறும் அதன் கடிகாரம் மெதுவாகிறது.

இந்த ஒப்புமையை ஓ'ரூர்க், ஆம்ஸ்டன் ஆகியோர் 1987-இல் ஒரு கணக்கீட்டு மாதிரியாக வகுத்தனர். ஜி. ஐ. டெய்லரின் கருத்தை அடியொற்றியதால் அது டெய்லர் ஒப்புமை மாதிரி எனப்படுகிறது. அதில் காற்றின் விசை வில்லின் மீதான புறவிசை. பரப்பு இழுவிசை வில்லின் மீள்விசை. பாகுத்தன்மை அதிர்வைத் தணிக்கும் உராய்வு. உருமாற்றம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் துளி உடைந்ததாகக் கொள்ளப்படும்.

சுருள்வில் தராசு ஒன்றின் கொக்கியில் எடைக்கல்லை மாட்டிக் கையால் தாங்கியபடி மெல்ல இறக்கினால், முள் உரிய குறிக்கு வந்து நிற்கும். மாட்டியதும் கையைத் திடீரென எடுத்துவிட்டால் முள் அக்குறியைத் தாண்டி ஏறத்தாழ இரு மடங்கு தொலைவு இறங்கிப் பின் மீளும். எடை ஒன்றே; ஏற்றிய விதமே வேறு. துளிக்கும் இது பொருந்தும். மாதிரியின் மாறிலிகளைக் கொண்டு கணக்கிட்டால், விட்டத்தை அடிப்படையாகக் கொண்ட வெபர் எண் 12 அளவிலான காற்று திடீரெனத் தாக்கும்போதே துளி உடைவு எல்லையை எட்டுகிறது. துளியின் அதிர்வுக் காலத்தைவிட மிக மெதுவாகக் காற்று வலுத்தால் 24 வரை தாங்க வேண்டும் என்று அதே மாதிரி கூறுகிறது. மூன்றாவது வாய்ப்பும் உண்டு. மிக வலிய காற்று மிகக் குறுகிய நேரமே வீசி நின்றால், வில் முழுதும் நீளும் முன் விசை நீங்கிவிடும், துளி பிழைத்துக்கொள்ளும். காற்று விட்டுவிட்டு வீசி, அதன் இடைவெளி துளியின் அதிர்வுக் காலத்தோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு ஏற்பட்டுச் சிறிய விசையும் உருமாற்றத்தைப் பெருக்கும்.

ஆகவே உடைவு எல்லையைத் துளிக்கு மட்டும் உரிய பண்பாகக் கொள்ள இயலாது. காற்றின் கடிகாரத்துக்கும் துளியின் கடிகாரத்துக்கும் இடையிலான உறவு அதைத் தீர்மானிக்கிறது.

5. மெதுவான மாற்றம்: மழைத்துளி

மெதுவான மாற்றத்துக்கு மழைத்துளி சான்று. வானிலிருந்து விழும் துளி படிப்படியாக வேகம் பெற்று முற்று வேகத்தை அடைகிறது. இதற்கு ஆகும் நேரம் அதன் அதிர்வுக் காலத்தைவிடப் பன்மடங்கு அதிகம். செங்குத்துக் காற்றோட்டத்தில் துளிகளை மிதக்கவிட்டு 1904-இல் ஆராய்ந்த பிலிப் லெனார்ட், மழைத்துளி ஓவியங்களில் காணும் கண்ணீர் வடிவில் இருப்பதில்லை என்றும், பெருந்துளிகள் தட்டையாகி உடைகின்றன என்றும் காட்டினார்.

கலக்கமற்ற காற்றோட்டத்தில் 9 மி.மீ. அளவுத் துளிகளும் நிலைக்கக் கூடும். அவற்றின் முற்று வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். வெபர் எண் ஏறத்தாழ 13. மேகங்களில் குறைந்தது 8.8 மி.மீ. விட்டமுள்ள துளிகளைக் கண்டதாக ஹாப்ஸ், ராங்னோ ஆகியோர் 2004-இல் அறிவித்தனர். மெதுவான மாற்றத்தில் துளி 24 வரை தாங்கும் என்ற மாதிரியின் கணிப்பை மழைத்துளி எட்டவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. காரணங்கள் இரண்டு. முதலாவது, துளி தட்டையாகும்தோறும் காற்று தாக்கும் பரப்பு பெருகுகிறது. உருமாற்றத்தோடு புறவிசையும் வளர்வதை எளிய வில் மாதிரி கணக்கில் கொள்வதில்லை. இரண்டாவது, விழும் துளியின் அடிப்பரப்பில் அடர்ந்த நீர் மேலும் இலேசான காற்று கீழும் அமைகின்றன. இவ்வமைப்பு ரேலே-டெய்லர் நிலையின்மைக்கு இடமளிக்கிறது; போதிய அகலமான அடிப்பரப்பைக் காற்று மேல்நோக்கித் துளைத்துப் பையாக ஊதிவிடும். மெதுவான மாற்றம் தாண்டு வீச்சைத் தவிர்க்கிறது. உடைவின் பிற வழிகளை அது அடைப்பதில்லை.

இதே துளியைத் திடீர்க் காற்று தாக்கினால் என்ன நேரும்? நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழும் 5 மி.மீ. துளியின் வெபர் எண் ஏறத்தாழ 7. அது பாதுகாப்பாகவே விழும். சார்பு வேகம் சட்டென 13 மீட்டராக உயர்ந்தால் வெபர் எண் 14 ஆகித் துளி உடையும். அவ்வுயர்வு துளியின் அதிர்வுக் காலமான 33 மில்லிநொடிக்குள் நிகழ வேண்டும் என்பதே நிபந்தனை. இயல்பான மேகங்களில் அத்துணை விரைவான மாற்றம் அரிது. இயற்கை மழையில் துளிகள் உடைவதற்குக் காற்றைவிட ஒன்றோடொன்று மோதுவதே பெருங்காரணம் எனப் பல ஆய்வுகள் கருதுகின்றன. தனித்துளியின் பைவகை உடைவே மழைத்துளிகளின் அளவுப் பரவலை விளக்கப் போதும் என்று 2009-இல் வில்லெர்மோ, போசா ஆகியோர் வாதிட்டனர். இவ்விவாதமும் ஒரு வகையில் கால அளவைப் பற்றியதே: ஒரு துளி தானாக உடையும் அளவுக்கு வளர ஆகும் நேரமா, இன்னொரு துளியோடு மோத ஆகும் நேரமா, எது குறைவு என்பதே வினா.

6. விரைந்து வலுக்கும் காற்று: இறக்கையின் முன்னால்

விமான இறக்கையை நெருங்கும் துளி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மேகத்தில் துளியும் காற்றும் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கின்றன. இறக்கை நெருங்கும்போது அதன் முன்விளிம்பு காற்றை முன்னோக்கித் தள்ளுகிறது. காற்று இலேசானது, உடனே நகர்கிறது. துளி நிலைமம் மிக்கது. இருந்த இடத்திலேயே பெரிதும் நிற்கிறது. ஆகவே துளி தன்மீது வீசும் காற்று கணத்துக்குக் கணம் வலுப்பதை உணர்கிறது. இறக்கையின் பரப்பை எட்டும்போது சார்பு வேகம் விமானத்தின் வேகத்தையே நெருங்குகிறது.

எளிய மதிப்பீடு ஒன்று இதைத் தெளிவாக்கும். முன்விளிம்பை ஓர் உருளையாகவும், விமானத்தின் வேகத்தை நொடிக்கு 90 மீட்டராகவும், காற்றின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1 கிலோகிராமாகவும் கொள்வோம். இவ்வடர்த்தி ஏறத்தாழ 2 கி.மீ. உயரத்துக்கு உரியது. பாகுத்தன்மையற்ற ஓட்டத்தில், உருளையின் நேர் முன்னால், துளி உணரும் காற்றின் வேகம் உருளை மையத்திலிருந்து உள்ள தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். இரண்டு ஆரத் தொலைவில் அது விமான வேகத்தில் கால் பங்கு. பரப்பில் முழுப் பங்கு.

50 மைக்ரோமீட்டர் துளிக்கு வெபர் எண் பரப்பை எட்டும்போதும் 5 மட்டுமே. அது உடைவதில்லை, பழைய விதிகள் உடைவைக் கருதாதது சிறுதுளிகளைப் பொறுத்தவரை சரியே. 200 மைக்ரோமீட்டர் துளிக்கு இறுதி வெபர் எண் 21. உருளையின் ஆரம் 5 செ.மீ. எனில், வெபர் எண் 12-ஐக் கடந்த பின் மோதுவதற்குத் துளிக்கு எஞ்சும் நேரம் ஏறத்தாழ 0.09 மில்லிநொடி. உடையத் தொடங்கத் தேவையானதோ 0.12 மில்லிநொடி அளவு. துளி தட்டையாகும், ஆனால் உடையும் முன் இறக்கையில் மோதிவிடும். ஆரம் 20 செ.மீ. ஆனால் எஞ்சும் நேரம் 0.34 மில்லிநொடியாகிறது, அதே துளி, அதே வேகம், ஆயினும் இப்போது உடைவதற்கு அவகாசம் உண்டு.

1 மி.மீ. துளியின் நிலை இன்னும் வியப்புக்குரியது. அதன் இறுதி வெபர் எண் 107. அதிர்ச்சிக் குழாயில் இம்மதிப்பு துளியைப் படலம் படலமாக உரித்துவிடப் போதுமானது. 5 செ.மீ. ஆரமுள்ள முன்விளிம்பின் முன்னாலோ, 12-ஐக் கடந்த பின் எஞ்சும் நேரம் 0.4 மில்லிநொடியே, உடைவு தொடங்க அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தேவை. இத்துளி பெரிதும் தட்டையான நிலையிலேயே மோதும். 20 செ.மீ. ஆரத்தின் முன்னால் எஞ்சும் நேரம் 1.6 மில்லிநொடி, அங்கே உடைவை எதிர்பார்க்கலாம். இவை தோராய மதிப்புகளே. 12-ஐக் கடக்கும் முன்பே உருமாற்றம் தொடங்கிவிடுவதையும், துளி சிறிதளவு விலகுவதையும் இம்மதிப்பீடு கணக்கில் கொள்ளவில்லை. ஆயினும் வெபர் எண்ணை மட்டும் நோக்கினால் எவ்வளவு தவறான முடிவுக்கு வரக்கூடும் என்பதை இவை காட்டுகின்றன.

இச்சூழலை நேரில் ஆராய ஸ்பெயினின் தேசிய வான்வெளித் தொழில்நுட்ப நிறுவனத்தில் நாசா ஆய்வாளர்களும் இணைந்து சோதனைகள் நடத்தினர். சுழலும் நீண்ட கையின் முனையில் இறக்கை மாதிரி பொருத்தப்பட்டது. அதன் பாதையில் துளிகள் வரிசையாக விழவிடப்பட்டன. இறக்கை நெருங்கும் கணத்தை அதிவேகக் கேமரா பதிவுசெய்தது. கோளம் தட்டையாவதும், தட்டு பையாக ஊதுவதும், விளிம்பு உரிவதும் முன்விளிம்பை ஒட்டிய சிறு இடைவெளிக்குள் நிகழ்வதை அப்படங்கள் காட்டின.

உடையாத துளியும் உருமாறிய துளியே என்பதை மறத்தலாகாது. கோளத்தின் இழுவைக் கெழு 0.4 முதல் 0.5 அளவு, தட்டின் கெழுவோ 1-க்கும் மேல். விட்டம் ஒன்றரை மடங்கானால் முகப்புப் பரப்பு இரு மடங்குக்கு மேலாகும். இரண்டும் சேர்ந்து துளியின் மீதான இழுவையை ஐந்து மடங்கு அளவுக்கு உயர்த்தும். துளி மோதும் இடமும், மோதியபின் தெறிக்கும் அளவும் இதனால் மாறுகின்றன. ஆகவே பனிப்படிவுக் கணக்கீட்டில் உடைந்ததா, இல்லையா என்ற இருநிலை விடை போதாது; துளியின் வடிவத்தைக் கணந்தோறும் பின்தொடர வேண்டும்.

7. முடிவுரை

வெபர் எண் 12 என்பது பயனுள்ள மதிப்பு. ஆனால் அது திடீரென வீசி நீடிக்கும் காற்றுக்கு உரியது. காற்று துளியின் அதிர்வுக் காலத்தைவிட மெதுவாக மாறினால் துளி தாண்டு வீச்சின்றிப் படிப்படியாகத் தட்டையாகிறது. அதன் எல்லையை வேறு நிலையின்மைகள் வகுக்கின்றன. காற்று வலுத்து உச்சத்தை எட்டியதும் மோதல் நிகழ்ந்துவிடும் சூழலில், 12-ஐவிடப் பன்மடங்கு உயர்ந்த வெபர் எண்ணிலும் துளி உடையாமல் இருக்கக்கூடும். எனவே துளி உடைவை மதிப்பிடுவோர் விசையின் அளவோடு, அவ்விசை வளரும் காலத்தையும் நீடிக்கும் காலத்தையும் துளியின் காலத்தோடு ஒப்பிட வேண்டும்.

ரோஸ்லான் விபத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து, 2014 நவம்பரில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மீக்குளிர்ந்த பெருந்துளிகளையும் உள்ளடக்கிய புதிய சான்றிதழ் விதியை வெளியிட்டது. அவ்விதியின்படி ஒரு விமானம் பாதுகாப்பானதா என ஆராய்வோர், பெருந்துளிகள் இறக்கையில் எங்கே, எவ்வடிவில் மோதுகின்றன என்பதைக் கணிக்க வேண்டியுள்ளது. இறக்கையின் முன்னால் துளிக்குக் கிடைப்பது ஒரு மில்லிநொடி அளவிலான அவகாசம். அதற்குள் அது முழுமையாக மோதுகிறதா, சிதறி மோதுகிறதா என்பதைப் பொறுத்தே, பனியை அகற்றும் கருவி எட்டும் இடத்தில் பனி படியுமா, அதற்கு அப்பால் படியுமா என்ற வினாவுக்கான விடையும் அமைகிறது.